மூக்குத்தி மீனும் என் தூண்டிலும்

போன ஞாயிறு பூசை முடிந்து நம் வேதக்கோயில் வாசலில் நிற்கும்போது உங்களில் ஒருவர் என்னிடம், “சின்ன வயசுல உங்க பெரியப்பா உங்கள மலைக்கெல்லாம் மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போனாராமே, தங்கமான மனுஷன்” என்றார். கோயில் வாசலாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனாரா? நல்ல கதை. நம் வயசுக்காரர்கள் இன்னும் நாலு பேர் போய்ச் சேர்வதற்குள் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்துவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இன்றைக்கு எனக்கு ஐஸ் பேக்டரி இருக்கிறது, மீன் ஏற்றுகிற லாரிகள் இருக்கின்றன, நான் உள்ளே நுழைந்தால் பேங்க் மேனேஜர் எழுந்து நிற்கிறார். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. ஆனால் அதெல்லாம் பிற்பாடு. ஐம்பதுகள் முடியப்போகிற அந்தக் கோடையில் எனக்கென்று இருந்தது ஒரு மூங்கில் கழியும், குடைக்கம்பியை வளைத்துச் செய்த தூண்டில் முள்ளும், மயில் இறகின் தண்டை நறுக்கிய தக்கையும்தான். அந்தத் தக்கை இப்போது எங்கே கிடைக்கிறது? தண்ணீரில் வெள்ளையாக நெட்டுக்குத்தாக நிற்கும். கெளுத்தி தொட்டால் ஒரு மாதிரி தலையாட்டும், கெண்டை தொட்டால் வேறு மாதிரி. பார்க்காமலேயே சொல்லுவேன்.

சிந்தாமணிப் பக்கம், ஆற்றுக்கு நடை தூரத்தில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்றா சொன்னேன்? பெரியப்பா வீடு. அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே தவறிவிட்டார். பின்கட்டில் ஓர் அறையில் அம்மாவும் நானும். அம்மா காந்தி மார்க்கெட்டில் சாக்கு விரித்து எலுமிச்சம்பழம் விற்றாள். பொழுது விடியுமுன் போய்விடுவாள். அவள் புடவையை மோந்தால் எலுமிச்சைத் தோல் வாசனை வரும், துவைத்தாலும் போகாது. பெரியப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். முறுக்கிய மீசை, முழங்கை வரை மடித்த சட்டை. தெருவில் வழக்கு என்றால் அவரிடம்தான் வருவார்கள்.

அந்த வருஷம் பாஸ்கா, அதான் ஈஸ்டர், முடிந்ததுமே காவிரி மணலாகிவிட்டது. மேட்டூரை அடைத்துவிட்டால் நம் ஆற்றின் கோலம் உங்களுக்குத் தெரியும். இந்தக் கரையிலிருந்து சீரங்கம் வரை மணல், அங்கங்கே முழங்கால் ஆழத்தில் பச்சைத் தண்ணீர் மடு. பகலெல்லாம் சுட்ட மணல் சாயங்காலம் ஆறும்போது ஒரு வாசனை வரும், வறுகடலைச் சட்டியைத் திறந்த மாதிரி. அந்த மணலில், ரயில் பாலத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் பெரியப்பாவின் கூட்டாளிகள் மலைக்குப் போகத் திட்டம் போட்டார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது தூண்டில்காரர்களுக்கு வேறு என்ன வேலை?

கூட்டாளிகள் என்றால் பெரியப்பாவைச் சேர்த்து மூன்று பேர். ஒருவர் எங்கள் கோயில் உபதேசியார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எங்கள் காதைத் திருகுகிறவர், தூண்டில் போட்டு உட்கார்ந்தால் ஜெபமாலை உருட்டிக்கொண்டே மீனுக்குக் காத்திருப்பார். இன்னொருவர் சீரங்கத்து ஐயங்கார். ஒர்க்‌ஷாப் ஆபீசில் கிளார்க், பெரியப்பாவோடு ஒரே ரயிலில் போய்வந்து சிநேகிதமானவர். அவர் மீன் தின்னவும் மாட்டார், பிடிக்கவும் மாட்டார். தக்கை அமுங்குவதைப் பார்க்க மட்டும் அவருக்குக் கொள்ளை ஆசை. மொட்டைக் கோபுரம் முதுகுக்குப் பின்னால் நிற்க, கூஜாவும் குடையுமாக மணலில் நடந்து வருவார். அப்போது ராஜகோபுரம் மொட்டையாகத்தானே நின்றது.

உபதேசியார் ஒருநாள் அவரைச் சீண்டினார், உங்க தெருவில் இது தெரிந்தால் என்ன ஆகும் என்று. அவர் அசரவில்லை. “பெருமாளே மத்ஸ்யமா வந்திருக்கார். அடியேன் போய்ச் சேவிக்கறேன். நீங்க சேவிக்கறச்சே முள்ளு மாட்டறேள், அது உங்க பாவம்” என்றார். தவிட்டு உருண்டையில் கொஞ்சம் பெருங்காயம் சேர்த்துப் பாருங்கோ என்று யோசனை சொன்னவரும் அவர்தான். சேர்த்தோம். கெண்டை அள்ளிக்கொண்டு வந்தது.

துறையூருக்கு பஸ், அங்கிருந்து மலையடிவாரம், அப்புறம் ஒற்றையடிப் பாதையில் கொல்லிமலை ஏற்றம். ஐயங்கார் குடை நுனியால் மணலில் வழி போட்டுக் காட்டுவார், காலையில் காற்று அழித்திருக்கும், சாயங்காலம் மறுபடி போடுவார். ரோடு கிடையாது, லாட்ஜ் கிடையாது, மலை ஆட்கள் வீட்டில்தான் தங்கவேண்டும். இவ்வளவு பாடும் எதற்கு என்றால், ஒர்க்‌ஷாப்பில் யாரோ ஒருவர் மலைக்கு மிளகு வாங்கப் போனவர் கண்ணால் கண்டதாகச் சொன்ன செய்திக்காக. மலை உச்சியில் ஓர் ஆறு ஓடுகிறது, பக்கத்தில் ஓர் ஈஸ்வரன் கோயில், அங்கே மீன்கள் படிக்கட்டு வரை கூட்டமாக வருகின்றன, மனுஷனைக் கண்டு பயப்படுவதே இல்லை. அதிலே சில பெரிய மீன்களுக்கு வாய்ப்பக்கம் என்னவோ மின்னுகிறது.

மின்னுகிறது என்றதும் பெரியப்பா தொடையில் தட்டினார். “முள்ளுய்யா அது. எவனோ தூண்டி போட்டிருக்கான், நரம்ப அத்துக்கிட்டுப் போயிருக்கு. முள்ளோட திரியுதுன்னா எம்மாம் பெரிய மீனா இருக்கும்?” உபதேசியாருக்குக் கண் விரிந்தது. அன்றிலிருந்து தயாரிப்பே தடித்துவிட்டது. விரல் கனத்தில் முள், அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்த நைலான் நரம்பு, மாட்டைக் கட்டினாலும் தாங்குகிற கழி. தங்குமிடம், புளியோதரை, எலுமிச்சம்பழம், காசுக்குச் சுருக்குப் பை என்று எல்லாவற்றுக்கும் ஆள் ஒதுக்கியாயிற்று. புழு தோண்டுகிற வேலை எனக்கு.

“அப்ப நானும் வரேன்ல பெரியப்பா” என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு மலையில் என்ன வேலை என்றார். அதோடு விடவில்லை, நான் அதுவரை கேட்காத சேதியையும் சேர்த்துச் சொன்னார். லீவு முடிந்ததும் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, கன்னியாஸ்திரீகள் மடத்தில் தையல் வகுப்பு. அதற்குப் பிறகு தூண்டில் கழியோடு என்னை ஆற்றில் பார்த்தால் கழியை அடுப்பில் வைத்துவிடுவார். தெருவில் பேச்சு வருகிறதாம். பள்ளிக்கூடம் நின்றுபோவதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. கழி போய்விடும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. மலைக்கு என்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்றால் அதுதான் முடிவு, அப்புறம் நான் ஊசியும் நூலும்தான். மலைக்குப் போய்விட்டால், போன ஒருத்தியை ஆற்றுக்குப் போகாதே என்று எவன் சொல்வான்? அந்த வயசுக்கு எனக்குக் கணக்கு அப்படித்தான் ஓடியது. இப்போது யோசித்தாலும் அந்தக் கணக்கில் தப்பு இல்லை.

பலாப்பழக் காலத்தில் காந்தி மார்க்கெட்டுக்குக் கொல்லிமலையிலிருந்து சரக்கு வரும். மலை வாழையும் பலாவும் கொண்டுவருகிற ஒரு மலைக்காரம்மா, வெயில் ஏறினதும் அம்மாவின் சாக்கு நிழலில் வந்து உட்காருவாள். கழுத்தில் பாசிமணி, காலில் செருப்பு கிடையாது, பாதம் பலாத்தோல் மாதிரி. நான் அவளிடம் உங்கள் மலையில் மீன் பெரிசாமே, முள்ளோடு திரியுதாமே என்று கேட்டேன். அவள் ஒரு பலாச்சுளையை வாயில் போட்டவள் அதைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

“முள்ளா? அது மூக்குத்தி தாயி. சாமி மீனு அது. வேண்டுதல் வச்சவுக மூக்குத்தி குத்தி ஆத்துல விடுவாக. பொரி போட்டா கையில வந்து திங்கும். அந்த மீனப் புடிச்சு நறுக்கிக் கொழம்பு வச்சவன் சட்டியிலருந்து, துண்டெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு ஆத்துக்கே துள்ளிப் போச்சாம். அங்க போயி ஒருத்தன் தூண்டி போட்டான்னா ஊரு கூடிரும். அவன் மல எறங்க முடியாது.”

அம்மா எலுமிச்சம்பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள். மலைக்கோட்டையும் ஆனைக்காவும் இருக்கிற ஊர் இது. திருநீறு பூசின யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கூட்டம் போட்ட மூன்று பேரில் இரண்டு பேர் எங்களைப் போலக் கிறிஸ்தவ வேதக்காரர்கள். மூன்றாமவர் சிவன் கோயில் இருக்கிற பக்கம் தலையைத் திருப்பாத வடகலையோ தென்கலையோ. சாமி மீனை மாட்டுவதற்கு விரல் தண்டி முள்ளோடு கிளம்ப, ஊரிலேயே பொறுக்கி எடுத்தமாதிரி அந்த மூன்று பேர்!

அப்புறம் எங்கே மீன் பிடிக்கலாம் என்று கேட்டேன். கோயிலை விட்டு மறுபக்கம், மலைக்கு மேலேயே ஓர் ஏரி இருக்கிறதாம். கெளுத்தியும் விராலும் உண்டு, அதில் விழுகிற ஓடையிலும் பிடிக்கலாம், ஊர்க்கவுண்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். மலை மேல் ஏரி என்றதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் என்றால் கீழே ஓடி வரவேண்டாமா? அங்கேயே உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறது? அதைப் பார்த்தே தீருவது என்று அந்த மார்க்கெட் சத்தத்துக்கு நடுவில் முடிவுசெய்தேன்.

சாயங்காலம் மணலுக்குப் போனேன். கழிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். “நீங்க போற எடத்துல தூண்டி போட முடியாது. ஏன்னு எனக்குத் தெரியும். எங்க போடலாம்னும் தெரியும். என்னயக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க, சொல்றேன்.”

பெரியப்பா முதலில் சிரித்தார். பிறகு என் காதைப் பிடித்தார். உபதேசியார், பொய் சொன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் மகளே என்றார். நான் பொய் சொல்லவில்லை, சொல்லாமல்தான் இருக்கிறேன், அது பத்துக் கட்டளையில் எதில் வருகிறது என்று கேட்டேன். அவர் கழிக்கட்டின் முடிச்சை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் சொல்லு, பிறகு பார்க்கலாம் என்றார் பெரியப்பா. பெரியவர்களின் ‘பிறகு பார்க்கலாம்’ எத்தனை பார்த்திருப்பேன். முதலில் சத்தியம் பண்ணுங்கள் என்றேன். காது சிவக்கச் சிவக்கத் திருகினார். அழவில்லை. உங்களுக்கு அந்த மணல் தெரியுமே, அழுதாலும் குடித்துவிடும்.

பெரியப்பா விடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, உன் மகள் மார்க்கெட்டில் என்னத்தையோ கேட்டுக்கொண்டு வந்து ஆட்டம் காட்டுகிறாள், என்னவென்று விசாரி என்றார். அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். “எனக்கு என்னங்க மாமா தெரியும். நான் பழம் விக்கிறவ.”

பின்கட்டுக்கு வந்ததும் என் காதுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுவிட்டாள்.

ஐயங்கார் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஆபீசில் விபூதிக்காரர் ஒருவரிடம் விசாரித்திருக்கிறார். மறுநாள் மணலில் வேகமாக வந்தார், கூஜா ஒரு பக்கம் குடை ஒரு பக்கம். மீன் யாருடையது, மின்னுவது என்ன என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்துவிட்டு, “ஓய், அது முள்ளும் இல்லே மண்ணாங்கட்டியும் இல்லே, மூக்குத்தி! நாம மூக்குத்தி போட்ட குழந்தைகளைப் பிடிக்கவா போறோம்?” என்றார். உபதேசியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெரியப்பாவுக்கு அவமானம். அதை என் பக்கம் தள்ளினார். இப்போது விஷயம் தெரிந்துவிட்டது, இனி உன் தயவு யாருக்கு வேண்டும் என்றார். நான் சொன்னேன், பாதிதான் தெரிந்தது, போடக்கூடாத இடம் தெரிந்தது, போடுகிற இடம் தெரியாது. மலையில் ஏரி குளம் இல்லாமலா போகும், நாங்கள் ஆம்பிளைகள், விசாரித்துக்கொள்வோம் என்றார். எனக்கு அப்போது பயம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் விசாரித்துப் போய்விட முடியும். என் கையில் வேறு சீட்டு இல்லை.

சீட்டு அம்மா கையில் இருந்தது.

அடுத்த சந்தை நாளில், வியாபாரம் முடிந்ததும் மலைக்காரம்மாவைக் கையோடு வீட்டுக்கு அழைத்துவந்தாள். மூன்று பேரும் முன்கட்டில் புளியோதரையை எதில் கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்த முன்கட்டுக்குப் பெருக்கத்தான் வருவாள், பேச வந்ததில்லை. அன்று நடுவில் வந்து நின்றாள். மலைக்காரம்மா மூன்று பேரையும், மூலையில் சாத்தியிருந்த தடிக் கழிகளையும் பார்த்தாள். ஏரி அவள் ஊருடையது என்றாள். தாயும் மகளும் வந்தால் அவள் வீட்டு விருந்தாளி, கவுண்டரிடம் அவளே போய்ச் சொல்வாள். வெறும் மீசை மட்டும் கழியோடு வந்து நின்றால் யாரென்று சொல்லுவது, சாமி மீனுக்கு வந்த கூட்டம் என்றுதானே ஊர் நினைக்கும்?

பெரியப்பா அம்மாவைப் பார்த்து, இதெல்லாம் உன் வேலையா என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் அதுவரை அவள் கண்ணை அவ்வளவு நேராகப் பார்த்ததில்லை. “பாப்பா போறா. அவளோட நானும் போறேன். நீங்க வர்றதுன்னா வாங்க மாமா.”

ஐயங்கார்தான் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவாளோட போறதுன்னா அடியேன் வரேன் என்றார். உபதேசியார் பெரியப்பாவைப் பார்க்காமல் ஜெபமாலையைப் பையில் போட்டுக்கொண்டு, பெண் துணை இருந்தால் சமையலுக்கும் ஆச்சு என்று முனகினார். சமைக்க வருகிறேன் என்று அம்மா சொல்லவே இல்லை. மலையிலும் அவள் சமைக்கவில்லை, மலைக்காரம்மா வீட்டில் சாமைச்சோறு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் உட்கார்ந்து, இன்னொருத்தர் பரிமாறி நான் பார்த்தது அங்கேதான்.

பெரியப்பாவும் வந்தார். வராமல் இருந்தால் தெருவுக்கு என்ன சொல்வார்? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டாப்பில் கழிகளை ஏற்றும்போது கண்டக்டர், குடும்பத்தோட எங்க ஐயா, கல்யாணமா என்று கேட்டார். பெரியப்பா கழிக்கட்டின் கயிற்றை இழுத்து முடிந்தார். அம்மா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, கொள்ளிடம் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

மலையைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன், அது எனக்கும் அம்மாவுக்கும் உள்ளது. ஏரியைப் பார்த்தேன். காலையில் மூட்டம் கலையும்போது தண்ணீர் பால் காய்ச்சின மாதிரி இருந்தது, கையை விட்டால் எலும்பு வரை சில்லிட்டது. பெரியப்பாவின் விரல் தண்டி முள்ளை அந்த ஏரிக் கெளுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. என் குடைக்கம்பி முள்ளில்தான் அன்றைக்கு எல்லோருக்கும் குழம்பு. ஐயங்கார் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, அமுங்கறது அமுங்கறது என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார். இறங்கும்போது கோயில் ஆற்றுக்கும் போனோம். மூக்குத்தி மீன் ஒன்று என் உள்ளங்கையில் பொரி தின்றது. சிவன் கோயில் பக்கம் திரும்பாத அந்த மனுஷர் மீனைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். எந்தப் பெருமாளை நினைத்தாரோ.

ஊர் திரும்பினதும் பெரியப்பா தெருவெல்லாம் சொன்னார், தகப்பனில்லாத பிள்ளையை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவந்ததாக. நீங்கள் கேள்விப்பட்ட தங்கமான மனுஷன் அப்படித்தான் உண்டானார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டியையும் மகளையும் வைத்துச் சோறு போட்டார், தெரு வாய்க்குப் பயந்தார், அந்தப் பயத்தை எங்கள் தலையில் சட்டமாக வைத்தார். இப்போது அது புரிகிறது. புரிந்தால் சரி என்று ஆகிவிடுமா?

பள்ளிக்கூடத்தை நிறுத்தினார், அதைத் தடுக்க முடியவில்லை. தையல் வகுப்புக்கும் கொஞ்ச நாள் போனேன். பிறகு ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து தெரு முழுக்க ஜனம் வந்துகொண்டிருந்தது, வேறு நேரமே எனக்கு வேண்டாம் என்றிருந்தது. பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கழியைத் தோளில் வைத்துப் பின்கட்டிலிருந்து முன்கட்டு வழியாக நடந்தேன். பெரியப்பா வாசற்படியில் இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு குறுக்கே நின்றார். உபதேசியார் தெருவில் நின்று பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பின்னால் அம்மா பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றுபோயிற்று.

“ஒதுங்குங்க பெரியப்பா, தண்ணி வந்துருச்சு” என்றேன்.

அவர் தெருவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கையை நிலையிலிருந்து எடுத்தார். கழி நீளம், அந்த இடைவெளி போதவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். இன்னொரு கையையும் எடுத்தார்.